“யோசிச்சுப் பாரு”ன்னு கேக்காதே தங்கச்சி

தலையில அடிபட்டு, பதுளை பெரியாஸ்பத்திரியில கெடந்து, டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த ஆளைப் பத்தித்தான் இந்தத் தடவை எழுதுறேன். தையல் பிரிச்சாச்சு. நடக்கிறாரு, சாப்பிடுறாரு, பேசுறாரு. பாக்க வந்தவங்கல்லாம் “ஆண்டவன் புண்ணியம், தப்பிச்சிட்டாரு”ன்னு சொல்லி ஒரு பெக்கட் பிஸ்கட்டை வச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுல இருக்கிறவளுக்குத்தான் ஒவ்வொண்ணாத் தெரியவரும். காலையில சாப்பிட்ட ரொட்டி ஞாபகம் இல்ல. மாத்திரை போட்டோமா இல்லையான்னு தெரியல. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேக்கிறாரு. அடுப்புல தண்ணியை வச்சிட்டு பீலிக்குப் போயி நின்னுக்கிட்டு, எதுக்கு வந்தோம்னு முழிக்கிறாரு.

நம்ம பக்கம் தலையில அடிபட வழியா இல்ல? மழை நாள்ல கூடையோட சரிவுல வழுக்குறது, குளவி கலைஞ்சு ஓடுறப்ப கான்ல விழுறது, வெறகுக்கு மரம் ஏறி விழுறது, ஹெல்மெட்டைக் கையில கோத்துக்கிட்டு பைக்குல போறது. 2021 மார்ச் 20ஆம் தேதி லுணுகலையில இருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில பள்ளத்துல உருண்டதை மறந்திருக்க மாட்டே. செத்தவங்க கணக்கு பேப்பர்ல வரும். பிழைச்சு வந்து, சொந்தப் பிள்ளை எந்த வகுப்புல படிக்கிதுன்னு தடுமாறுறவங்க கணக்கு எங்கயும் வராது. எங்க வீட்டுக்காரரு விழுந்தது ஹாலி-எல பக்கம் ஒரு வளைவுல. அதனால நான் சொல்றதுல பாதி டொக்டர்மாரும், அன்றாட வேலையைத் திரும்பப் பழக்கிவிடுற ஓ.டி. மிஸ்ஸும் சொல்லிக்குடுத்தது, பாதி வீட்டுல பாத்துப் பழகினது.

எது போச்சு, எது இருக்கு

முதல்ல இதைப் புரிஞ்சுக்க. தலையில அடிபட்டவங்களுக்கு எல்லா ஞாபகமும் ஒண்ணாப் போறதில்ல. 1974 பஞ்சத்துல மரவள்ளிக் கிழங்கு தின்னது, 1983ல பதுளை பஜார் எரிஞ்சது எல்லாம் தேதியோட சொல்ற தாத்தா, இப்ப யாரு வந்துட்டுப் போனான்னு கேட்டா முழிப்பாரு. உடனே சனம் “பழசெல்லாம் நல்லாத் தெரியுது, இது மட்டும் மறக்குமா? நடிக்கிறாரு”ன்னு சொல்லும். நடிப்பு இல்ல. பழைய செக்ரோல் எல்லாம் ஆபீஸ்ல பத்திரமா இருக்கு, இன்னைக்குப் பேரு போட வேண்டிய கணக்கப்பிள்ளைதான் லீவுல போயிட்டாரு, அவ்வளவுதான்.

மூளையில காதுப்பக்கத்து உள்பகுதிதான் புதுசா நடக்கிறதைப் பதிஞ்சு வைக்கிற இடம். நெத்திப்பக்கத்துப் பகுதி, எதை எப்ப செய்யணும்னு திட்டம் போட்டு நினைவுபடுத்துற இடம். வேகமாப் போயி மோதுறப்ப மூளை மண்டையோட்டு எலும்புல இடிபடும். அதுல முதல்ல நொறுங்குறது இந்த ரெண்டு பக்கமும்தான். அதனாலதான் விபத்துல அடிபட்ட இத்தனை பேருக்கு ஒரே மாதிரி மறதி.

அடிபட்ட அந்த நேரம், அதுக்குக் கொஞ்சம் முன்ன, ஆஸ்பத்திரியில குழம்பிக் கெடந்த நாளுங்க: இந்த ஞாபகம் பெரும்பாலும் திரும்ப வராது. பதியவே இல்லாததை எங்கயிருந்து எடுக்கிறது? “எப்புடி விழுந்தே, யாரு இடிச்சா”ன்னு சொந்தக்காரங்க ஆளுக்கொரு தடவை நோண்டினா, அவரும் கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்து ஒரு கதை கட்டிச் சொல்லிடுவாரு. பொலிஸ் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டா டயக்னோசிஸ் கார்டைக் கையோட கொண்டுபோயி, இவருக்கு ஞாபகப் பாதிப்பு இருக்குன்னு முதல்லயே சொல்லிடு.

கை பழகின வேலை வேற கணக்கு. அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தரு. 1953ல வலிப்புக்காக மூளையில ஒப்பரேஷன் பண்ணினதுல புது ஞாபகம் சேர்க்கிற சக்தியே போயிடுச்சு. 2008ல சாகிற வரைக்கும் அப்பிடித்தான். பிரெண்டா மில்னர்ங்கிற அம்மா அவருக்குக் கண்ணாடியில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையப் பழக்கினாங்க. ஒவ்வொரு நாளும் “இதை நான் செஞ்சதே இல்ல”ம்பாராம், ஆனா கை மட்டும் நாளுக்கு நாள் திருந்திக்கிட்டே வந்திச்சு. நம்ம மலையில இதைக் கண்ணாலயே பாக்கலாம். காலையில எந்த மலைக்குப் போனோம்னு சொல்லத் தெரியாத பொம்பளையை வீட்டுக்குப் பின்னால இருக்கிற தேயிலைச் செடிகிட்ட நிப்பாட்டிப் பாரு. ரெண்டு எலையும் ஒரு மொட்டும் பாத்து வெரல் தானாக் கிள்ளும், முத்தினதைத் தள்ளும், கை நெறைஞ்சதும் தோளுக்கு மேல கூடைக்குப் போடுற மாதிரி பின்னால போகும், கூடையே இல்லாட்டியும். அந்தக் கை ஞாபகம்தான் உன் கையிருப்பு. புதுப் பழக்கம் எதைக் கொண்டுவரணும்னாலும் அந்த வழியாத்தான் கொண்டுவரணும்: ஒரே இடம், ஒரே நேரம், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப.

சோதனை வைக்காதே

வீட்டுல பிள்ளைங்கள்ல இருந்து பக்கத்துக் காம்பரா ஆயா வரைக்கும் எல்லாரும் பரீட்சை வைப்பாங்க. “என் பேரு என்ன சொல்லுங்க?” “நேத்து என்ன கறி?” “யோசிச்சுப் பாரு, யோசிச்சுப் பாரு, வரும்.” வராது. வராததோட விட்டாலும் பரவாயில்ல. அவரு ஏதோ ஒரு தப்பான பதிலைச் சொல்லுவாரு, அந்தத் தப்புதான் மனசுல பதியும். நல்ல ஞாபகம் உள்ளவங்க தப்புப் பண்ணினா ‘இது தப்பு’ங்கிறதையும் சேர்த்து ஞாபகம் வச்சிருப்பாங்க, அதனால அடுத்த தடவை திருத்திக்குவாங்க. இவங்களுக்கு அந்தத் திருத்தம் மறந்துபோயிடும், சொன்ன வார்த்தை மட்டும் வாயில தங்கிடும். இங்கிலாந்துல பார்பரா வில்சனும் அலன் பாட்லியும் 1994ல எழுதினது இதைத்தான். தப்புக்கே இடம் குடுக்காமப் பழக்கினா ஞாபகம் கெட்டவங்களும் கத்துக்கிறாங்க, யூகிக்க விட்டா அந்த அளவுக்குக் கத்துக்கிறதில்ல.

அதனால பதிலை முதல்ல நீயே சொல்லு. கதவுச் சாவியைப் பழக்கணும்னு வையி. “சாவி ஆணியில இருக்கு. சாவி எங்க?” “ஆணியில.” கொஞ்சம் வேற பேச்சுப் பேசு, ஒரு நிமிஷம் கழிச்சுக் கேளு. சொன்னாரா, சரி. அப்புறம் ரெண்டு நிமிஷம், அப்புறம் நாலு, அப்புறம் தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சு எட்டு. எங்கயாவது தடுமாறினா ‘ம்… ம்… சொல்லுங்க’ன்னு இழுக்காதே. உடனே “ஆணியில”ன்னு நீ சொல்லி அவரையும் சொல்ல வச்சிட்டு, கடைசியாச் சரியாச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பிப் போ. சொல்றதோட நிக்காம எந்திரிச்சுப் போயி ஆணியைத் தொட்டுட்டு வரச் சொல்லு. வாயை விடக் காலும் கையும் சீக்கிரம் பழகும்.

ஒரு நேரத்துல ஒண்ணுதான். சாவி படிஞ்சதுக்கு அப்புறம் மாத்திரை. மாத்திரை படிஞ்சதுக்கு அப்புறம் போன். அதுவும் உனக்கு எது முக்கியம்னு இல்ல, வீட்டுல எதுனால தினமும் சண்டை வருதோ அதை முதல்ல எடு.

பாதி மறதி, மறதியே இல்ல. காதுல விழாததுதான். லயத்துல ஒரு சுவர்தான் நடுவுல. அந்தப் பக்கம் டீவி நாடகம், இந்தப் பக்கம் கோயில் ஸ்பீக்கர், குறுக்கால பிள்ளைங்க ஓடுது, நடுவுல நின்னு “சாயந்தரம் கோப்பரேட்டிவ்ல மாவும் சீனியும் வாங்கிட்டு அப்பிடியே மாமா வீட்டுல சொல்லிட்டு வாங்க”ன்னா அவருக்கு ஒண்ணும் ஏறாது. பக்கத்துல போ, முகத்தைப் பாத்து, ஒரு சேதியைச் சின்னதாச் சொல்லு, திருப்பிச் சொல்லச் சொல்லு. அடிபட்ட மூளை சீக்கிரம் களைச்சுப் போகும். காலையில நல்லாப் பேசின ஆளு பின்னேரம் எரிஞ்சு விழுந்தா அது கோபம் இல்ல, களைப்பு. மத்தியானம் ஒரு தூக்கம் போட விடு.

ஒரே கொப்பி

ஞாபகத்தை மண்டைக்குள்ள வளக்கணும்னுதான் எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. ஊர் பேரு மனப்பாடம், வாய்ப்பாடு, போன் கேம். அந்த விளையாட்டுல கெட்டிக்காரராயிடுவாரு, அடுப்பை அணைக்க மறக்கிறது மறந்தபடியேதான் இருக்கும். பாரமா அடிபட்டவங்களுக்கு உருப்படியா உதவுறது ஞாபகத்தை வெளிய எடுத்து வைக்கிறதுதான், கொப்பியில, சுவத்துல, போன்ல. இது ஊனமுற்றவங்க வேலைன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. பெரிய தொரை கூட டயரி இல்லாம ஒரு நாள் ஓட்ட மாட்டாரு, அதை யாரும் கேக்கிறதில்ல.

சட்டைப் பைக்குள்ள அடங்குற அட்டை போட்ட கொப்பி ஒண்ணு வாங்கு. ஒண்ணுதான். துண்டுக் கடதாசி, கலண்டர் ஓரம், சிகரெட் பெட்டி அட்டைன்னு எழுதி வச்சா, எதுல எழுதினோம்னு ஒரு புது மறதி சேரும். முதல் பக்கத்துல பேரு, தோட்டம், டிவிசன், லயத்து நம்பர், உன் போன் நம்பர், ‘எனக்குத் தலையில அடிபட்டது, அதனால எழுதி வச்சுப் பாக்கிறேன்’னு ஒரு வரி. அந்த வரி அவருக்கும் வேணும், வழி தப்பி பண்டாரவளை ஸ்டாண்டுல நின்னா பாக்கிறவங்களுக்கும் வேணும். அடுத்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இடது பக்கம் செய்ய வேண்டியது, வலது பக்கம் செஞ்சு முடிச்ச ஒடனே ஒரு கோடு. அந்தக் கோடு ரொம்ப முக்கியம். மாத்திரையை ரெண்டு தடவை போடாமக் காப்பாத்துறது அதுதான்.

பேனா வேணாம், பென்சில் வையி. நம்ம ஊருல ஐப்பசி கார்த்திகை வந்தா பனியும் மழையும் சேந்து மை கரைஞ்சு போயிடும். கொப்பியை ஒரு பொலித்தீன் பையில போட்டு, பென்சிலை நூல்ல கட்டி விடு.

எழுதச் சொல்லிட்டு விட்டா எழுத மாட்டாரு. கொப்பி இருக்கிறதே மறந்துபோகும் இல்லையா? அதனால கொப்பி பாக்கிறதை அன்றாடம் நடக்கிற ஒண்ணோட முடிச்சுப் போடு. காலையில சாயத்தண்ணி கையில குடுக்கிறப்ப கொப்பி. ஸ்டோர்ல சங்கு ஊதினா கொப்பி. ராத்திரி விளக்கு அணைக்க முந்திக் கொப்பி. தோட்டத்துல இது ஒரு வசதி, தங்கச்சி. டவுன்காரங்களுக்குக் கிடைக்காத ஒழுங்கு நமக்கு இருக்கு. பெரட்டு நேரம், கொழுந்து நிறுக்கிற நேரம், சம்பள நாள், அட்வான்ஸ் நாள், எல்லாம் மாறாம வருது.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு? நம்ம அம்மாமாரு நிறையப் பேரு அப்பிடித்தானே. படம் போதும். காலைக்குச் சேவல், ராத்திரிக்கு நிலா, கிளினிக் நாளுக்கு பஸ். ஆளுங்க பேரு மறக்குதுன்னா போட்டோ ஒட்டி வையி. கலண்டர்ல கிளினிக் நாளைச் செவப்பால வட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் காலையில முடிஞ்ச நாளை அவங்களையே கோடு போட்டு வெட்டச் சொல்லு. நீ வெட்டிடாதே, கை பழகணும்.

சின்ன வீடு, நல்ல வீடு

பத்தடிக்குப் பன்னெண்டடிக் காம்பராவுல ஆறு பேரு இருக்கோம்னு நாம அழுகிறது நியாயம்தான். ஆனா இந்த ஒரு விசயத்துக்கு அந்தச் சின்ன வீடு கை குடுக்கும். எல்லாம் கண்ணுல படும். அதைக் கெடுக்காதே. சாவிக்கு ஒரு ஆணி, கண்ணாடிக்கும் கொப்பிக்கும் போனுக்கும் ஒரு தட்டு, ஐடென்டிட்டி கார்டுக்கும் கிளினிக் கொப்பிக்கும் ஒரு டின். தீபாவளிக்கு வெள்ளையடிச்சாலும் திரும்ப அதே இடம். ‘அழகா அடுக்கி வைக்கிறேன்’னு கொழுந்தியா வந்து ஒழுங்குபடுத்தினா நல்லபடியாச் சொல்லித் தடுத்திடு.

அடுப்புதான் பயம். வெறகு அடுப்போ கேஸோ, தனியா இருக்கிறப்ப அடுப்பு வேணாம். பிளாஸ்க்ல சாயத்தண்ணி ஊத்தி வச்சிட்டு மலைக்குப் போ.

மாத்திரை விசயத்துல

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல மாத்திரையைச் சின்னக் கடதாசி உறையில கொட்டித்தான் குடுப்பாங்க. வெள்ளை வெள்ளையா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கவுண்டரை விட்டு நகர முந்தி, எது வலிப்புக்கு, எது எத்தனை வேளைன்னு கேட்டு, அங்கயே உறை மேல சேவலும் நிலாவும் போட்டுடு. வீட்டுக்கு வந்ததும் ஏழு நாளுக்குப் பிரிச்ச மாத்திரைப் பெட்டியில ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீயே போட்டு வையி. இந்தப் பெட்டி பதுளையில பெரிய பார்மசியில கிடைக்கும். பெட்டி காலியா இருந்தா போட்டாச்சு, இருந்தா போடல. கேள்வியே கிடையாது. பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரம்.

தலைக்காயத்துக்கு அப்புறம் வலிப்பு வரலாம், மாசக் கணக்குக் கழிச்சும் வரலாம். ‘இப்ப நல்லாத்தானே இருக்காரு’ன்னு வலிப்பு மாத்திரையை நிப்பாட்டினா சட்டுனு பெரிய வலிப்பா வரலாம். டொக்டர் சொல்லாம ஒரு நாளும் நிப்பாட்டாதே. வலிப்பு வந்தா இரும்பைக் கையில திணிக்க வேணாம், வாயில கரண்டி வைக்க வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வையி, சுத்தி இருக்கிற கல்லு மண்வெட்டியை அப்புறப்படுத்து, நேரத்தைப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி.

சாராயம், கசிப்பு ரெண்டும் வேணாம். முந்தி அரைப் போத்தல் தாங்கின ஆளுக்கு இப்ப ஒரு கிளாஸே தூக்கும். வலிப்பைக் கிளப்பும், மறதியைக் கூட்டும், திரும்ப விழ வைக்கும். கூட்டாளிங்க “ஒரு சொட்டுக் குடிச்சா தலைவலி போகும்”னு ஊத்தினா அவங்க பொண்டாட்டிமாரைக் கூப்பிட்டுப் பேசு, அவங்களோட பேசிப் பிரயோசனம் இல்ல.

வல்லாரை? நல்லாச் சாப்பிடு. ஓடைக்கரையில காசில்லாமக் கிடைக்கிது, தேங்காய்ப்பூப் போட்டுச் சம்பல் பண்ணினா ரெண்டு பிடி சோறு கூடப் போகும். ஆனா அடிபட்ட ஞாபகத்தை அது திருப்பிக் கொண்டுவரும்னு நம்பி உட்காராதே. ஞாபகசக்தி டானிக்னு போத்தல்ல வச்சு விக்கிறானே, ஒரு நாள் பேரு அதுக்குப் போயிடும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கு.

போனை வேலைக்கு வை

பட்டன் போனா இருந்தாலும் அலாரம் இருக்கும். வெறும் மணி அடிச்சா எதுக்கு அடிக்கிதுன்னு தெரியாம அணைச்சிடுவாரு, அதனால பேரு போட்டு வைக்கிற அலாரமா இருக்கணும். பெரிய போன்னா குரலைப் பதிஞ்சு வைக்கலாம். சின்ன மகளை விட்டு “அப்பா, மாத்திரை போடுங்க, கொப்பியில கோடு போடுங்க”ன்னு பதிய வையி. அம்மா சவூதியில, குவைத்துல இருக்கிற வீடுகள்ல அங்கயிருந்தே நேரத்துக்கு ஒரு வொய்ஸ் போடலாம்.

இங்கிலாந்துல போன் பரவ முந்தியே இதைச் செஞ்சு பாத்தாங்க. இடுப்புல மாட்டுற பேஜர்ல நேரத்துக்கு நேரம் சேதி அனுப்பினாங்க. 2001ல அந்த வில்சன் அம்மாவும் கூட இருந்தவங்களும் 143 பேரை வச்சுப் பண்ணின ஆய்வு வெளிவந்திச்சு. முழுசா முடிச்சவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல, செய்ய வேண்டியதை முன்னை விட ஒழுங்காச் செஞ்சாங்க. சிலரு பேஜரைத் திருப்பிக் குடுத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடல. நம்ம மலை மறைவுல சிக்னல் போனாலும் அலாரம் அடிக்கும், அதனால கோல் பண்ணிச் சொல்லலாம்னு இருக்காதே, போனுக்குள்ளயே போட்டு வையி.

பொய்யும் இல்ல, பேயும் இல்ல

எங்க வீட்டுக்காரரு வந்த புதுசுல, செத்துப்போன மாமனார் நேத்து வந்து இஸ்தோப்புல உட்கார்ந்து வெத்திலை போட்டுட்டுப் போனாருன்னு சொன்னாரு. சட்டை நிறத்தோட சொன்னாரு. லயமே கூடிருச்சு. ‘காத்து கருப்பு அண்டியிருக்கு’ன்னு ஒரு கூட்டம், ‘பொய் சொல்றாரு’ன்னு ஒரு கூட்டம். ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானே எதையாவது வச்சு நிரப்பும். பழைய நினைவு ஒண்ணு, நேத்துங்கிற நாள் ஒண்ணு, ரெண்டையும் ஒட்டிடும். அவருக்கு அது நிஜம். ‘செத்துட்டாரு, தெரியாதா’ன்னு மோதினா, அப்பதான் செய்தி கேட்ட மாதிரி அழுவாரு. “மாமாவுக்கு வெத்திலைன்னா உசுரு இல்ல?”ன்னு கேட்டுட்டு, கையில ஒரு வேலையைக் குடுத்துப் பேச்சை மாத்து. பணம், மருந்து, வழி, இந்த மூணுல கதை கட்டினா மட்டும் கொப்பியைக் காட்டி மெதுவாத் திருத்து.

பூசாரிகிட்ட நூல் கட்டுறதுன்னா கட்டு, விபூதி பூசு. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், நானும் கட்டினேன். ஆனா பட்டினி போடச் சொன்னா, அடிக்கச் சொன்னா, மாத்திரையை நிப்பாட்டச் சொன்னா, அந்த வாசலை அத்தோட விட்டுடு.

உடனே தூக்க வேண்டிய நேரம்

மறதியில ஒரு வகை காத்திருக்கக் கூடாதது. வயசானவங்க, குடிக்கிறவங்க, ரத்தம் இளக்குற மருந்து எடுக்கிறவங்க லேசா விழுந்திருப்பாங்க, வீக்கம் கூட இருக்காது. ரெண்டு மூணு கிழமை கழிச்சு மெதுவாக் குழப்பம் வரும், தூங்கிக்கிட்டே இருப்பாங்க, நடை தள்ளாடும், தலைவலிக்கும். ‘வயசு போயிடுச்சு’ன்னு விட்டுடுவோம். மண்டைக்குள்ள மூளை மேல ரத்தம் மெல்லக் கசிஞ்சு தேங்கினாலும் இப்பிடித்தான் இருக்கும். ஸ்கேன்ல தெரியும், ஒப்பரேஷன்ல பலருக்கு மறதியும் சேந்து சரியாப் போகும். அதனால மறதின்னு சொல்றப்பவே ‘ஒரு மாசத்துக்கு முன்ன விழுந்தாரு’ங்கிறதையும் சேத்துச் சொல்லு.

அது போக, வாந்தி நிக்கல, எழுப்பினா எந்திரிக்கல, ஒரு பக்கம் கை கால் விழுது, காதுல மூக்குல தண்ணி மாதிரி வடியுதுன்னா டிஸ்பென்சரி திறக்கிற வரைக்கும் காத்திருக்காதே. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு கிடையாது. தோட்டத்து ரோட்டுல வழி தெரியாம அலைவாங்க, அதனால ஒரு பையனை மெயின் ரோட்டுல டோர்ச்சோட நிக்க வையி.

கிளினிக்குல வாய் திற

டயக்னோசிஸ் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட் ரெண்டையும் போட்டோக்கொப்பி எடுத்து, ஒரிஜினலை வீட்டு டின்ல வையி. போக முந்தி கொப்பியில மூணே மூணு விசயம் எழுதிக்கிட்டுப் போ, அங்க போனா நமக்கே மறதி வந்துடும். ‘மறதியா இருக்காரு’ன்னு மொட்டையாச் சொல்லாதே. “அடுப்பை அணைக்க மறக்கிறாரு, ஒரே கேள்வியைக் காலையில இருந்து கேக்கிறாரு, ஆனா வழி தப்பல”ன்னு சொல்லு. அதுல இருந்து டொக்டருக்கு நிறையப் புரியும்.

ஞாபகத்தைச் சோதிக்கக் கேள்வி கேப்பாங்க. சிங்களத்துல கேட்டா அவருக்குப் பாதி விளங்காது. விளங்காததை மறதின்னு எழுதிடக் கூடாது. தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ் யாரும் இருந்தா கூப்பிட்டுத் தரச் சொல்லிப் பணிவாக் கேளு. பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு இங்கிலீஷ் தேதி எப்பவுமே தெரியாது, ஆடிப்பூசை முடிஞ்சு எத்தனை நாள்னு கேட்டா டக்குனு சொல்லும். அதை நீதான் எடுத்துச் சொல்லணும். பிசியோ, ஓ.டி. ரெண்டையும் கேளு. கட்டில்ல கிடக்கிற அளவுக்குப் பாதிப்புன்னா ராகம, திகன புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் குடுக்க முடியுமான்னும் கேளு. முதல் ஆறு மாசம் வேகமாத் தேறும், ரெண்டு வருசம் வரைக்கும் மெதுவாத் தேறிக்கிட்டே இருக்கும், பழக்கம் மட்டும் அதுக்கப்புறமும் சேரும். முதல் ரெண்டு மாசத்துல சரியாகலன்னு கிளினிக்கை விட்டுடாதே.

காசும் கையெழுத்தும்

மறதிக்காரரைத் தேடி வர்றவங்கள்ல முதல் ஆளு லோன்காரன். நகை அடகு வச்ச துண்டு எங்கன்னு தெரியாது, வாங்கின கடனைக் குடுத்தாச்சான்னு தெரியாது, ஒரே கடைக் கணக்கை ரெண்டு தடவை கட்டிட்டு வருவாரு. காசுக்குன்னு தனியா ஒரு பக்கம் வையி, குடுத்தவரும் அதுல கையெழுத்துப் போடட்டும். ஏ.டி.எம். நம்பரை அவரு கொப்பியில எழுதாதே. எந்தக் கடதாசியிலும் தனியாக் கையெழுத்துப் போட வேணாம், “வீட்டுல காட்டிட்டு வர்றேன்”னு சொல்லப் பழக்கு. சாவிக்குச் சொன்ன அதே வழியில பழக்கு.

வேலை செய்யிற இடத்துல அடிபட்டிருந்தா நட்டஈடு உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ல இருந்தே இருக்கு. விழுந்த நாளே தோட்டத்து ஆபீஸ்ல பதிஞ்சாங்களான்னு பாரு, டிஸ்பென்சரித் துண்டை வச்சுக்க, யூனியன் தலைவர்கிட்ட வாயால சொல்லி விடாம எழுதிக் குடு. ‘மறதி’ங்கிறது வெளிய தெரியாத காயம், கால் ஒடைஞ்ச மாதிரி யாருக்கும் கண்ணுல படாது. அதனால டொக்டர் கடிதத்துல அந்த வார்த்தை இருக்கணும்.

திரும்ப வேலைக்கு

வீட்டுல சும்மா உட்கார வைக்கிறது நல்லதில்ல, ஒரேயடியா மலைக்கு அனுப்புறதும் நல்லதில்ல. வலிப்பு அடங்கி, டொக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கவ்வாத்துக் கத்தி, ஸ்டோர் மெசின், மரம் ஏறுறது, பைக் ஓட்டுறது, தனியாப் பீலியில ஆத்துல குளிக்கிறது ஒண்ணும் வேணாம். தவறணையில பொலித்தீன் பைக்கு மண் நிரப்புறது, நாத்துக்குத் தண்ணி ஊத்துறது நல்ல தொடக்கம். உட்கார்ந்த இடத்துல ஒரே மாதிரி வேலை, பக்கத்துல ஆளு இருக்கும், சரிவு கிடையாது. அரை நாள்ல ஆரம்பி.

கங்காணிகிட்ட நீயே போயிப் பேசு. “மறதி இருக்கு, பாத்துக்குங்க”ன்னு சொன்னா அவரும் தலையாட்டிட்டு மறந்துடுவாரு. இப்பிடிச் சொல்லு: “அண்ணே, ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லுங்க. சொல்லிட்டு அவரு கொப்பியில எழுதிட்டாரான்னு பாருங்க. வேலை மாத்துறதா இருந்தா முதல் நாளே சொல்லுங்க. தலை வலிக்குதுன்னா உட்கார விட்டுட்டு எனக்கு ஆளனுப்புங்க.” இந்த நாலையும் ஒரு கடதாசியில எழுதி, அடியில உன் போன் நம்பரும் போட்டுக் குடு. கங்காணி மாறுற நாள்ல புது ஆளுக்கும் ஒண்ணு குடு.